இ மேஜர் எஃப் மேஜராக ஒலித்தபோது: ஷூபெர்ட் குவின்டெட்டின் ஓர் ஒலிப்பதிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய இசைத்தட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய ஒலிக்கோப்புகளுக்கு அட்டவணை தயாரிக்கும் பணியில் சில காலம் இருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பல. அவற்றில் மூன்றைப் பற்றியது இந்த ஆய்வு: டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்; ஸ்கேல், அதாவது இசை எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சுரவரிசையில் அமைந்தது என்பது; மனநிலை. இந்த மூன்றையும் ஒரு மென்பொருள் தானே கேட்டு நிரப்பிவிடும். சரிபார்த்து ஒப்பமிடுவது என் வேலை.

ஒருநாள் திரையில் வந்த வரி இது: டெம்போ 141. ஸ்கேல் எஃப் மேஜர். மனநிலை அமைதி. கோப்பின் நீளம் 13 நிமிடம் 40 நொடி. படைப்பின் பெயர், ஃபிரான்ஸ் ஷூபெர்ட்டின் சி மேஜர் தந்திக் குவின்டெட் (ஐந்து தந்திக் கருவிகளுக்கான படைப்பு), இரண்டாம் பகுதி, அடாஜியோ.

எனக்கு இந்த இசை நெடுநாள் பழக்கம். அடாஜியோ என்றாலே மிக மெதுவானது என்று பொருள். அது நிமிடத்துக்கு 141 அடி போகாது. அதன் ஸ்கேல் இ மேஜர், எஃப் மேஜர் அன்று. ‘அமைதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் கோபமே வந்தது. நடுவில் நான்கு நிமிடம் ஐந்து கருவிகளும் சேர்ந்து கதறுகின்றன. அதைக் கேட்ட பிறகும் அமைதி என்று எழுத முடியுமா? மூன்றையும் அடித்துத் திருத்தி அனுப்பியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் மூன்றும் ஒரே சமயத்தில் தவறுவது சந்தேகத்தைக் கிளப்பியது. ஏன் என்று தோண்டத் தொடங்கினேன். மென்பொருளின் மேல் நான் சுமத்திய மூன்று குற்றங்களில் ஒன்றை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது, இன்னொன்றைப் பாதி.

படைப்பு

ஷூபெர்ட் இந்தக் குவின்டெட்டை எழுதியது 1828இல், வாழ்வின் கடைசி மாதங்களில். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். நவம்பர் 19 அன்று வியன்னாவில் இறந்துவிட்டார். வயது 31. படைப்பு மேடையேறியது 1850இல், அச்சானது 1853இல். அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. ஆகவே டெம்போ பற்றி நமக்கு அவர் விட்டுச்சென்றது ‘அடாஜியோ’ என்ற ஒரே சொல். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கான எண் எதுவும் இல்லை.

கருவிகள்: இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செலோ. மோட்சார்ட் தம் குவின்டெட்டுகளில் ஐந்தாவது கருவியாக இன்னொரு வியோலாவைச் சேர்த்தார். ஷூபெர்ட் இன்னொரு செலோவைச் சேர்க்கிறார். அதனால் அடித்தளத்தைத் தாங்கும் பொறுப்பு ஒரு செலோவிடம் போக, மற்றொரு செலோ மேலே வந்து பாட விடுதலை பெறுகிறது. அடாஜியோவின் தொடக்கம் முழுக்க இந்த ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. இரண்டாம் வயலின், வியோலா, முதல் செலோ மூன்றும் நடுவில் நீண்ட சுரங்களை மெல்ல இழுக்கின்றன. கீழே இரண்டாம் செலோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டுகிறது. மேலே முதல் வயலின் சிறு சிறு சொற்களாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

தாள அமைப்பு, ஓர் ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு சின்ன அடிகள். மேற்கத்திய இசையில் அந்த ஆவர்த்தனத்துக்குப் பெயர் பார். பன்னிரண்டும் மும்மூன்றாகச் சேர்ந்து நான்கு பெரிய அடிகளாகின்றன. நம் வழக்கில் சொன்னால் நான்கு அடித் தாளத்தில் திஸ்ர நடை. மொத்தம் 94 பார். முதல் 28 பார் இ மேஜர். 29இலிருந்து 63 வரை எஃப் மைனர். 64இலிருந்து கடைசி வரை மறுபடியும் இ மேஜர்.

முதலில் தட்டு

ஸ்கேலில்தான் தொடங்கினேன், அதுதான் எளிதில் தீரும் என்ற நம்பிக்கையில். ஒரு ஹார்மோனியக் கட்டையை அழுத்திக்கொண்டு கோப்பை ஓடவிட்டேன். முதல் நொடியிலேயே முகம் சுண்டிவிட்டது. இசை இ-இல் தொடங்கவில்லை. எஃப்-இல் தொடங்கியது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. கோப்பில் இருந்ததைத்தான் சொல்லியிருந்தது.

எந்தக் கலைஞரும் இந்தப் படைப்பை அரைச் சுரம் ஏற்றி வாசிக்க மாட்டார். பாடகரின் குரலுக்காகப் பாட்டைக் கட்டை மாற்றுவதுண்டு. தந்திக் குவின்டெட்டுக்கு அப்படி ஒரு தேவை எழுவதில்லை. அந்தக் காலத்துச் சுருதி நிர்ணயம் வேறு என்பதும் காரணமாகாது. பிரான்ஸ் 1859இல் ஏ சுரத்துக்கு 435 ஹெர்ட்ஸ் என்று விதித்தது. 1939 லண்டன் மாநாடு 440 என்று முடிவு செய்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்குத் தேவைப்பட்டதோ முழு அரைச் சுரத்துக்கு விளக்கம்.

ஒலி மீட்பு வேலையில் நெடுங்காலம் இருந்த பெரியவர் ஒருவரிடம் கோப்பை எடுத்துச் சென்றேன். வாசிப்பு தொடங்கியதும் அவர் நிறுத்திவிட்டார்.

“தம்பி, இசையை அப்புறம் கேட்கலாம். இசைக்கு முன்னால் இருக்கிற இரைச்சலைப் போடுங்கள்.”

“அதில் என்ன ஐயா இருக்கிறது?”

“தட்டின் பிறந்த தேதி இருக்கிறது. வேகமும் இருக்கிறது.”

ஊசி பள்ளத்தில் இறங்கி, முதல் வில் தந்தியைத் தொடும் வரை ஏறக்குறைய நான்கு நொடி வெறும் இரைச்சல். அதை அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்தோம். 50 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு, 100இல் இன்னொன்று. இவை மின்சாரத்தின் ரீங்காரம். தட்டைக் கணினிக்கு மாற்றிய அன்றைக்கு அந்தக் கருவிகளிலிருந்து புகுந்தவை. ஆனால் அவற்றை ஒட்டி, இன்னும் மங்கலாக, 106இல் மூன்றாவதாக ஒரு கோடு தெரிந்தது. அவர் விரல் அதன் மேல் நின்றது. 1925க்குப் பிறகு ஒலிப்பதிவு மின்சாரத்துக்கு மாறியது. அப்போது ஒலிப்பதிவுக் கூடத்தின் மின் ரீங்காரமும் சில சமயம் தட்டில் சேர்ந்து பதிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அது 100இல் பதிந்திருக்க வேண்டும். 106இல் ஒலிக்கிறது என்றால் தட்டு நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறது. ஓர் அரைச் சுரம் என்பது அலைவரிசையில் 5.95 விழுக்காட்டு உயர்வு. கணக்கு நேராக உட்கார்ந்துவிட்டது.

தட்டை மாற்றியபோது எழுதிய குறிப்புத்தாளைத் தேடி எடுத்தேன். ஓட்டிய வேகம் நிமிடத்துக்கு 80 சுற்று என்று இருந்தது. லேபிளில் வேகம் அச்சாகவில்லை. 78 சுற்றுத் தட்டு என்று நாம் சொல்வது ஒரு பொதுப்பெயர்தான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் தட்டுச்சுழலிக்கு 78.26 என்றும், 50 ஹெர்ட்ஸுக்கு 77.92 என்றும் பின்னால் நிலைபெற்றது. அதற்கு முன்பு 80 சுற்று என்றே அச்சடித்து விற்ற தட்டுகளும் உண்டு, நிமிடத்துக்கு 75 சுற்றை ஒட்டிய வேகத்தில் பதிவானவையும் உண்டு. நம் தட்டு 75.5இல் வெட்டப்பட்டு 80இல் ஓட்டப்பட்டிருந்தால் அரைச் சுரம் ஏறியே தீரும். அதுதான் நடந்திருந்தது. ஓட்டியவர் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. பழைய தட்டு, லேபிள் வாய் திறக்கவில்லை, 80 என்பது நியாயமான ஊகமே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டு வேகமாக ஓடினால் சுருதி மட்டும் ஏறுவதில்லை. டெம்போவும் அதே அளவு ஏறுகிறது. செலோவின் மரப்பெட்டிக்கு உரிய அதிர்வுகளும் கூடவே மேலே நகர்வதால் செலோ சற்றுச் சிறுத்த பெட்டியிலிருந்து ஒலிப்பதுபோல் ஆகிறது. விரலின் அதிர்வு, அதாவது விப்ராட்டோ, விரைவாகிக் கொஞ்சம் பதற்றம் கூடுகிறது. கேட்பவருக்கு எது மாறியது என்று சொல்லத் தெரியாது. இசை கொஞ்சம் வெளிச்சமாகவும் கொஞ்சம் அவசரமாகவும் இருப்பதாகத் தோன்றும். அட்டவணையில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும் மூன்றும் தட்டில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்ததும் மூன்றும் வந்தன.

இந்த அடாஜியோ நான்கு பக்கங்களில் பதிவானது. ஒரு பக்கத்துக்குச் சுமார் நான்கு நிமிடம்தான் கொள்ளும் என்பதால் வேறு வழி இல்லை. கோப்பில் நான்கும் ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டாத மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி நான்கு பக்கத்தின் தொடக்க இரைச்சலையும் பார்த்தேன். நான்கிலும் அதே 106. பிறகு கோப்பு முழுவதையும் ஒரே விகிதத்தில் தாழ்த்தினோம். நீளம் 14 நிமிடம் 29 நொடி ஆனது. தொடக்கம் இ-இல் வந்து நின்றது. செலோ தன் பழைய உடம்புக்குத் திரும்பியது.

141 எங்கிருந்து வந்தது

திருத்தாத கோப்பில் நான் கடிகாரம் வைத்து எடுத்த நேரங்கள்: முதல் பகுதி 4 நிமிடம் 45 நொடி, நடுப்பகுதி 3 நிமிடம் 45 நொடி, கடைசிப் பகுதி 5 நிமிடம் 10 நொடி. முதல் 28 பாரில் 112 பெரிய அடிகள். வகுத்தால் நிமிடத்துக்கு 23.6. சின்ன அடிகளை எண்ணினால் அதன் மூன்று மடங்கு, சுமார் 71. அதையும் இரண்டாக வெட்டினால் 141.

மென்பொருள் இந்த மூன்றாவது அடுக்கில் போய் நின்றிருக்கிறது. இத்தகைய மென்பொருள்கள் ஒலி சட்டென்று எழும் இடங்களைப் பொறுக்கி, அவற்றுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் இடைவெளியைத் தேடுகின்றன. வில்லால் இழுத்த சுரம் பனிபோலப் படிப்படியாக வருவதால் அதன் தொடக்கம் அதற்குத் தெரியாது. விரலால் மீட்டிய சுரம் ஊசிபோலத் தெரியும். ஆகவே அது கேட்டது பாட்டை அன்று. இரண்டாம் செலோவின் மீட்டலையும் முதல் வயலினின் துண்டுச் சொற்களையும்தான். மேலும், விடை இரட்டிப்பாகவோ பாதியாகவோ இருக்கலாம் என்ற ஐயம் வரும்போது நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டிய எண்ணை விரும்பும்படி இவற்றைப் பழக்குவது வழக்கம். அதனால் 23.6 என்ற எண்ணின் பக்கமே அது போகாது. சாதாரண மெட்ரோனோமும் போகாது. அதன் அளவுகோல் 40இல்தான் தொடங்குகிறது.

திருத்திய கோப்பில் தொடக்கத்தின் பெரிய அடி நிமிடத்துக்கு 22.3. இரண்டு அடிக்கு நடுவே 2.7 நொடி. இந்த எண்ணின் மேல் நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கையால் தாளம் போட்டுப் பாருங்கள். ஓர் அடி. பிறகு காத்திருப்பு. அடுத்த அடி எங்கே என்று கை தடுமாறும். இரண்டு நொடியைத் தாண்டிய இடைவெளியை உடம்பு ஒரு துடிப்பாகக் கட்டிப் பிடிக்க முடியாமல் திணறுகிறது. அது தாளமாக இல்லாமல் தனித்தனி நிகழ்ச்சிகளாகச் சிதறிவிடுகிறது. ஷூபெர்ட்டின் நடு மூவர் இழுக்கும் சுரங்கள் இந்தப் பெரிய அடியைவிடவும் நீளமானவை. அந்த மூவரை மட்டும் கேட்டால் காலமே இல்லை. செலோவின் மீட்டலை மட்டும் கேட்டால் நிமிடத்துக்கு 67 என்று நிதானமாக நடக்கும் ஒரு நாடித்துடிப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, நகராத ஒன்றும் நகரும் ஒன்றும் ஒரே அறையில் இருக்கின்றன. இந்தத் தொடக்கம் கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

எனவே 141 என்பது கணக்கில் சரி, காதில் பிழை. 67 என்று எழுதினால் செலோவின் பக்கம் சாய்கிறோம். 22 என்று எழுதினால் மூவரின் பக்கம்.

இதற்கும் மேலே, நடுப்பகுதியில் கதை மாறுகிறது. திருத்திய கோப்பில் அங்கே பெரிய அடி நிமிடத்துக்கு 35. தொடக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அச்சுப் பிரதியில் நடுப்பகுதிக்குத் தனி டெம்போ சொல் எதுவும் கிடையாது. வேகத்தைக் கூட்டியது வாசித்தவர்களின் முடிவு, அதாவது இசை அவர்களைத் தள்ளிய தள்ளல். பெரும்பாலான குழுக்கள் இங்கே வேகம் கூட்டுகின்றன. சரி என்றே நினைக்கிறேன். 22இல் அந்தக் கொந்தளிப்பை வாசித்தால் வில் தாங்காது. கடைசிப் பகுதியில் மறுபடியும் 22.7. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அரை அடிகூட வேறுபாடு இல்லை. பக்கம் மாற்றி மாற்றி, இடையில் மெழுகுத் தட்டு மாற்றும்வரை காத்திருந்து வாசித்த ஐவர் இந்த நிதானத்தைத் திரும்பக் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

அரைச் சுரம் தள்ளி ஒரு வீடு

ஸ்கேல் கட்டத்தில் எஃப் மேஜரை அடித்து இ மேஜர் என்று எழுதியாயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஸ்கேலைக் கண்டறியும் முறைக்கு அடிப்படை, கேரல் கிரம்ஹான்சல் 1982இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. பன்னிரண்டு சுரங்களும் ஒரு ஸ்கேலுக்குள் எவ்வளவு பொருந்துகின்றன என்று கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கி ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு வடிவம் தீட்டினார்கள். கோப்பில் எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று கூட்டி, 24 வடிவங்களில் எதோடு நெருங்குகிறது என்று பார்ப்பது முறை. நல்ல முறை. ஆனால் கூட்டும்போது வரிசை அழிந்துவிடுகிறது. இந்தக் கோப்பில் இ மேஜர் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நேரம் இருப்பதால் அது வென்றது. எஃப் மைனர் கூட்டலில் மறைந்துபோனது.

அந்த எஃப் மைனர் எங்கே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இ-இலிருந்து எஃப்-க்கு ஒரே அரைச் சுரம். கட்டைகளில் பக்கத்து வீடு. ஆனால் ஸ்கேல்களின் உறவில் அது வெகு தூரம். இ மேஜரின் ஏழு சுரங்களில் எஃப் மைனரோடு பொதுவாக வருவது மிகக் குறைவு. கர்நாடக இசை பழகிய காதுக்கு இப்படிச் சொல்லலாம்: சங்கராபரணம் பாடிக்கொண்டிருக்கும்போது ஆதார ஷட்ஜத்தையே யாரோ அரைச் சுரம் மேலே தூக்கி வைத்து, அங்கிருந்து நடபைரவியின் சாயலில் பாடச் சொன்னால் எப்படி இருக்கும்? தம்புரா அடியிலிருந்து உருவப்பட்டது போல இருக்கும். 28ஆம் பாரின் முடிவில் இ சுரம் ட்ரில்லாக நடுங்கி, வீங்கி, எஃப்-இன் மேல் விழுகிறது. பாலம் கிடையாது, படிக்கட்டு கிடையாது. விழுந்ததும் முதல் வயலினும் முதல் செலோவும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே பாட்டை உரக்க அழுகின்றன. நடுவில் இருவர் அடிக்கு மாறான இடங்களில் மூச்சிரைக்கிறார்கள். இரண்டாம் செலோ கீழே மும்மூன்றாகப் புரள்கிறது.

கருவிகளின் உடம்பிலும் இந்த மாற்றம் நடக்கிறது. செலோவின் திறந்த தந்திகள் சி, ஜி, டி, ஏ. இவற்றில் இ மேஜரின் சுரங்களுக்குள் அடங்குவது ஏ ஒன்றுதான். மற்ற மூன்றும் தொடப்படாமல் இருக்கும்போது பரிவு அதிர்வாகக் கூடச் சேர்ந்து பாடுவதில்லை. அதனால் இ மேஜரில் செலோ கொஞ்சம் உள்ளடங்கி, திரைக்குப் பின்னால் ஒலிப்பதுபோல் இருக்கிறது. எஃப் மைனருக்கு மாறியதும் சியும் ஜியும் ஸ்கேலுக்குள் வந்துவிடுகின்றன. கீழ்த் தந்திகள் விழித்துக்கொள்கின்றன. ஒலியின் அடிவயிறு திறக்கிறது. தட்டு வேகமாக ஓடிய கோப்பிலும் இந்த வேறுபாடு இருந்தது. எஃப் மேஜர் என்று காட்டிய தொடக்கத்தில், எஃப் மேஜரில் வாசித்தால் எழவேண்டிய கீழ்த் தந்திப் பரிவு இல்லவே இல்லை. அதை முதலிலேயே நான் காதால் பிடித்திருக்க வேண்டும்.

ஸ்கேலுக்கு ஒரு குணம் உண்டு என்று ஷூபெர்ட்டின் காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டியான் ஷூபார்ட் என்ற கவிஞர் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு மனநிலையைப் பட்டியலிட்டார். அவர் இறந்த பிறகு 1806இல் அது அச்சானது. பெயர் ஒற்றுமை தற்செயல். ஆனால் ஷூபெர்ட் இசையமைத்த புகழ்பெற்ற மீன் பாட்டின் சொற்கள் இவருடையவை. எஃப் மைனருக்கு ஷூபார்ட் தந்த குணம் ஆழ்ந்த துயரம், கல்லறையை ஏங்குதல். நம் நடுப்பகுதிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. இ மேஜருக்கு அவர் தந்ததோ வாய்விட்ட மகிழ்ச்சிக் கூச்சல். இந்த அடாஜியோவின் முதல் 28 பாருக்கு அதைவிடப் பொருந்தாத சொல்லைத் தேட முடியாது. ஒரு ஸ்கேலுக்கு என்றே நிலையான குணம் இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. எதற்குப் பிறகு வருகிறது, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பதுதான் அதற்குக் குணத்தைத் தருகிறது.

இதே அரைச் சுர விளையாட்டு படைப்பு முழுக்க ஓடுகிறது. மூன்றாம் பகுதி சி மேஜர்; அதன் நடுவே வரும் மெதுவான துண்டு டி ஃபிளாட் மேஜர், மறுபடியும் அரைச் சுரம் மேலே. நான்காம் பகுதியின் கடைசி நொடியில் ஐந்து கருவிகளும் டி ஃபிளாட்டை உரசிவிட்டுச் சி-இல் இறங்கி முடிக்கின்றன. அப்படிப்பட்ட படைப்பில் ஒரு தட்டு தவறாக ஓடி எல்லாவற்றையும் அரைச் சுரம் ஏற்றிவைத்தது, எந்த இடைவெளி ஷூபெர்ட்டுக்கு உயிரோ அதே இடைவெளியால் ஆன பிழை. நல்லவேளையாகத் திருத்த முடிந்தது.

அமைதி என்ற சொல்

1930களில் கேட் ஹெவ்னர் என்ற உளவியலாளர் ஒரே இசைத் துண்டை மேஜரிலும் மைனரிலும், விரைவாகவும் மெதுவாகவும் மாற்றி வாசித்துக் காட்டி, கேட்டவர்களை அதற்கான பெயரடைச் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மேஜர் மகிழ்ச்சியின் பக்கமும் மைனர் துயரத்தின் பக்கமும் சாய்ந்தன. விரைவு கிளர்ச்சியின் பக்கமும் மெதுமை அமைதியின் பக்கமும் சாய்ந்தன. 1980இல் ஜேம்ஸ் ரஸல் உணர்வுகளை இனிமை, கிளர்ச்சி என்ற இரண்டு அச்சுகளில் வரைந்தார். மனநிலையைச் சொல்லும் மென்பொருள் பலவற்றுக்கு அடியில் இந்த இரண்டு யோசனைகளும் இருக்கின்றன. மேஜர், மெல்லிய ஒலி, குறைந்த கிளர்ச்சி: விடை, அமைதி. தொடக்கப் பகுதிக்கு நானும் வேறு சொல் தர மாட்டேன்.

கடைசிப் பகுதியில்தான் சிக்கல். அதே இ மேஜர். அதே 22 அடி. அதே மூவர், அதே பாட்டு. மாறியது ஒன்றுதான்: இரண்டாம் செலோ இப்போது மீட்டுவதை விட்டுவிட்டு வில்லால் விரைவான சிறு சுரங்களைக் கீழே ஓடவிடுகிறது, மேலே முதல் வயலினும் வளைந்து வளைந்து பதில் சொல்கிறது. நடுப்பகுதியின் புயல் அடங்கவில்லை, அடியில் போய் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. உடன் வேலை பார்த்த இருவர் இந்தப் படைப்பை அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவருக்குத் திருத்திய கோப்பை 64ஆம் பாரிலிருந்து மட்டும் போட்டேன். மற்றவருக்கு முதலிலிருந்து. முடிந்ததும் தனித்தனியாகக் கேட்டேன். முதலாமவர் யோசிக்காமல் சொன்னார்: “அழகாக இருக்கிறது. ஆறு ஓடுவதுபோல. அமைதி.” இரண்டாமவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மறுபடியும் அந்தப் பாட்டு வந்தபோது பயமாக இருந்தது அண்ணா. இனி எப்போது மறுபடியும் உடையும் என்று காத்துக்கொண்டே கேட்டேன்” என்றார். இருவர் காதிலும் விழுந்தவை அதே ஐந்தரை நிமிடம், ஒரு சுரமும் கூடக்குறைய இல்லை.

அவருடைய பயம் வீண் அன்று. முடிவுக்குச் சில பார் முன்னால், எல்லாம் ஓய்ந்து இ மேஜரில் படுத்துவிடும் நேரத்தில், எச்சரிக்கை இல்லாமல் எஃப் மைனரின் வாசல் ஒரு கணம் திறக்கிறது. ஒலி எழுகிறது. நடுப்பகுதியின் முகம் தெரிகிறது. உடனே மூடிவிடுகிறது. இ மேஜர் திரும்பி வந்து மெல்ல அடங்குகிறது. பதினான்கரை நிமிடத்தில் இது எடுத்துக்கொள்வது ஒரு சில நொடி. கூட்டிக் கழித்துச் சராசரி காணும் எந்தக் கணக்கிலும் அது விழாது. எனக்கோ இந்த அடாஜியோவின் மனநிலை என்ன என்று கேட்டால் அந்தச் சில நொடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அட்டவணையில் என்ன எழுதினேன்

ஸ்கேல் கட்டத்தில்: இ மேஜர், எஃப் மைனர், இ மேஜர். கட்டம் ஒன்றைத்தான் ஏற்கும் என்று மென்பொருள் மறுத்ததால் இ மேஜர் மட்டும் நின்றது. டெம்போ கட்டத்தில் 67 என்று எழுதினேன். எண்ணியது சின்ன அடி, நடுப்பகுதிக்குப் பொருந்தாது என்று குறிப்பில் சேர்த்தேன். அங்கே சின்ன அடி 106 என்றும் எழுதினேன். இரைச்சலில் விரல் வைத்துக் காட்டிய அதே எண். அதைக் கவனித்த பெரியவர் சிரித்தார்.

மனநிலைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்டால் வரி சேமிக்கப்படாது என்று திரை சொன்னது. வேறு வழியில்லாமல் ‘அமைதி’யைத் திரும்ப வைத்தேன். ‘குறிப்பு’ என்று கடைசியில் இருந்த இடத்தில் எழுதியவை இவை: தட்டின் சரியான வேகம் 75.5 சுற்று, 80இல் ஓட்டிய பழைய கோப்பை நீக்கவும். இரண்டாவது வரி: 64ஆம் பாரிலிருந்து துண்டாக எடுத்துப் பயன்படுத்த வேண்டாம், 28இலிருந்து எடுக்கவும்.